நீர்மூழ்கிக் கப்பல் கட்டிய பள்ளிக்கூட வாத்தியார்

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் பாட்டர்சன் என்று ஒரு ஊர். பட்டு ஆலைகளுக்குப் பேர் போன ஊர். ஊர் வழியாக பசாயிக் என்ற ஆறு ஓடுகிறது.

1878-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி அந்த ஆற்றங்கரையில் கூட்டம் கூடிவிட்டது. குதிரைகள் இழுத்து வந்த வண்டியில் ஒரு விசித்திரமான பொருள் வந்து இறங்கியது. இரும்பால் ஆனது. நீளம் பதினாலரை அடி. இரண்டு முனையும் குறுகி, நடு வயிறு பருத்து இருந்தது. அந்த வயிற்றுக்குள் ஒரே ஒரு ஆள்தான் உட்காரலாம்.

அதை மெதுவாக ஆற்றில் இறக்கினார்கள். சிறிது நேரம் மிதந்தது. பிறகு யாரையும் கேட்காமல் தானாகவே மூழ்கிப் போய்விட்டது! கயிறு கட்டி வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அன்று நல்ல பொழுதுபோக்கு.

அதைக் கட்டியவர் அதே ஊரில் வேலை பார்த்து வந்த பள்ளிக்கூட வாத்தியார். ஒல்லியான உடம்பு. தடித்த மீசை. மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பவரைத் தெரியாது. வயது 37.

அவர் பெயர் ஜான் பிலிப் ஹாலந்து. (ஹாலந்து தேசத்துக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. பெயர் மட்டும்தான் அப்படி.) இன்றைய நீர்மூழ்கிக் கப்பலின் தந்தை என்று உலகம் சொல்வது இவரைத்தான்.

பஞ்சத்தில் வளர்ந்த பையன்

ஹாலந்து பிறந்தது அயர்லாந்து நாட்டில். மேற்குக் கடற்கரையில் லிஸ்கானர் என்ற சிறிய ஊர். பிறந்த ஆண்டு 1841.

அயர்லாந்து அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. ஹாலந்தின் தகப்பனார் குதிரை மீது போய்க் கடற்கரையைக் காவல் காக்கும் சர்க்கார் வேலையில் இருந்தார். தாயார் பேசியது ஐரிஷ் மொழி. வீட்டிலும் அதே பேச்சு. பள்ளிக்கூடம் போன பிறகே பையனுக்கு ஆங்கிலம் சரியாக வந்தது.

ஹாலந்துக்கு நாலு வயது ஆனபோது அந்தப் பெரும் பஞ்சம் வந்தது. அயர்லாந்தில் ஏழைகளின் சோறு உருளைக்கிழங்கு. 1845-ல் கிழங்குச் செடிகளை ஒரு நோய் தாக்கியது. நிலத்துக்குள்ளேயே கிழங்கு அழுகியது. பட்டினியிலும் காய்ச்சலிலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கு மேலும் பலர் கப்பல் ஏறி வெளிநாடு போனார்கள். அதே நேரத்தில் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியமும் ஆடுமாடுகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தன.

கடற்கரையில் பிறந்த பையன் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தான். சகோதரர் ஒருவர் காலராவுக்குப் பலியானார். சில ஆண்டுகளில் தகப்பனாரும் போய்விட்டார்.

கடலில் மாலுமியாகப் போக வேண்டும் என்பது ஹாலந்தின் ஆசை. கண் பார்வை குறுக்கே நின்றது. ஆகவே 1858-ல், 17-வது வயதில், கிறிஸ்தவ சகோதரர்கள் என்ற துறவிகளின் சபையில் சேர்ந்து ஆசிரியர் ஆனார். கார்க் நகரப் பள்ளிக்கூடத்தில் பர்க் என்ற விஞ்ஞான ஆசிரியர் இருந்தார். ஹாலந்துக்குக் கணக்கிலும் எந்திரத்திலும் இருந்த ஆர்வத்தை அவர் கண்டுகொண்டு ஊக்கம் கொடுத்தார்.

1862-ல் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரும்புக் கவசம் போட்ட இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. மணிக்கணக்கில் குண்டு பொழிந்தும் ஒன்றை ஒன்று மூழ்கடிக்க முடியவில்லை. மரக்கப்பல்களின் காலம் அன்றோடு முடிந்தது.

வாத்தியார் இதைப் படித்துவிட்டு யோசித்தார். இரும்பு ஆலைகள் ஏராளமாக உள்ள நாடு இங்கிலாந்து. இனி அதன் கப்பல்கள் எல்லாம் இரும்பாகிவிடும். அயர்லாந்து போன்ற ஏழை நாடு கடலின் மேலே நின்று அதை எதிர்க்கவே முடியாது. அப்படியானால் கடலுக்கு அடியில் போனால் என்ன?

நிறைகுடம்

கடலுக்கு அடியில் போக நினைத்த முதல் மனிதர் ஹாலந்து அல்ல. 1620-ம் ஆண்டு வாக்கிலேயே லண்டனில் தேம்ஸ் நதியில் ஒருவர் மூழ்கும் படகை ஓட்டிக் காட்டினார். 1776-ல் அமெரிக்காவில் ஆமை என்ற ஒற்றை ஆள் படகு வந்தது. 1864-ல் ஹன்லி என்ற படகு ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்தது. தானும் 8 பேரோடு மூழ்கிப் போனது. அதன் உந்துசக்தி, உள்ளே உட்கார்ந்து கையால் சக்கரம் சுற்றிய மனிதர்கள்தான்!

இந்தப் படகுகளின் தொல்லை என்ன? கிணற்றில் விட்ட வாளி போல நேராகக் கீழே போவதும் நேராக மேலே வருவதும்தான் அவற்றுக்குத் தெரியும். நடுவில் நிலையாக நிற்காது. முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் எல்லாம் முன்பக்கம் ஓடும். படகு தலைகீழாகக் கவிழும்.

ஹாலந்து இதை வேறு விதமாகப் பார்த்தார். கடல் பன்றி எப்படி மூழ்குகிறது? வாலை அடித்து முன்னால் பாய்ந்துகொண்டே சாய்வாகக் கீழே போகிறது. அது போலக் கப்பலும் ஓடிக்கொண்டே மூழ்க வேண்டும். அதற்காகப் பின்பக்கம் மீனின் துடுப்பு போலத் தகடுகள் வைத்தார். தகட்டைச் சாய்த்தால் கப்பல் கீழே போகும். நிமிர்த்தினால் மேலே வரும்.

இரண்டாவது, தொட்டிக் கணக்கு. கப்பலுக்குள் தண்ணீர்த் தொட்டிகள் உண்டு. அவற்றில் கடல்நீரை விட்டால் கப்பல் கனமாகி அமிழும். காற்றை அழுத்தி நீரை வெளியே தள்ளினால் கப்பல் இலேசாகி எழும்பும். மூழ்கும்போது தொட்டிகள் முழுவதும் நிரம்பி இருக்க வேண்டும், அரைகுறையாக விடக்கூடாது என்று ஹாலந்து கண்டார். அரைக்குடம்தான் தளும்பும். நிறைகுடம் தளும்பாது. தலையில் குடம் சுமந்த பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது!

இன்னொன்றும் செய்தார். தொட்டிகள் நிறைந்த பிறகும் கப்பல் நீரைவிடச் சிறிதளவு இலேசாகவே இருக்கும்படி வைத்தார். எஞ்சின் நின்றுவிட்டால் கப்பல் அடியில் போய்க் கிடக்காது. தானாக மேலே வந்து மிதக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு உயிர்ப்பிச்சை அது.

திருட்டுப் போன கப்பல்

உடல் நலம் கெட்டதால் ஹாலந்து 1873-ல் சபையை விட்டு விலகி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாஸ்டன் நகரில் இறங்கிய சில நாட்களில் உறைபனியில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். படுக்கையில் கிடந்த நாட்கள் வீண் போகவில்லை. பழைய படங்களை எடுத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

பாட்டர்சனில் வாத்தியார் வேலை கிடைத்தது. 1875-ல் தன் திட்டத்தை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். இப்படிப்பட்ட பெட்டிக்குள் ஏறி மூழ்க எந்த மனிதனும் சம்மதிக்க மாட்டான் என்று சொல்லி அதிகாரிகள் திருப்பி விட்டார்கள்.

அமெரிக்க சர்க்கார் கைவிட்டது. ஐரிஷ் புரட்சிக்காரர்கள் கைகொடுத்தார்கள். அயர்லாந்தின் விடுதலைக்காக அமெரிக்காவில் பணம் திரட்டி வந்த பீனியன் என்ற கூட்டம் அது. ஹாலந்தின் சகோதரர் மைக்கேல் அவர்களை அறிமுகம் செய்து வைத்தார். மாதிரிப் படகு ஒன்றைத் தண்ணீரில் ஓட்டிக் காட்டியதும் நம்பிக்கை பிறந்தது. பணம் கொடுத்தார்கள்.

அந்தப் பணத்தில் கட்டியதுதான் பசாயிக் ஆற்றில் மூழ்கிய ஒற்றை ஆள் கப்பல். முதல் நாள் மூழ்கியதற்குக் காரணம், கடல் நீருக்குக் கணக்குப் போட்டு ஆற்று நீரில் இறக்கியது என்று சொல்வார்கள். உப்பு நீர் தூக்கும் அளவுக்கு நல்ல நீர் தூக்காது. கணக்கைத் திருத்தினார். இரண்டு வாரம் கழித்து ஜூன் மாதத்தில் ஹாலந்தே உள்ளே புகுந்து மூடியைச் சாத்திக்கொண்டார். கப்பல் சுமார் 12 அடி ஆழம் மூழ்கியது. கரையில் நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னபடி மேலே வந்தது!

பிறகு உள்ளே இருந்த எந்திரங்களைக் கழற்றிக்கொண்டு, கூட்டை அந்த ஆற்றிலேயே மூழ்கடித்துவிட்டார். வாத்தியார் வேலையையும் விட்டார்.

அடுத்த கப்பல் பெரியது. 31 அடி நீளம், 19 டன் எடை, மூன்று பேர் உட்காரலாம். காற்றழுத்தத்தால் குண்டு வீசும் பீரங்கியும் உண்டு. 1881-ல் நியூயார்க்கில் வெள்ளோட்டம் நடந்தது. ஒரு பத்திரிகை நிருபர் அதற்கு பீனியன் ராம் என்று பெயர் சூட்டினார். (ராம் என்றால் முட்டுகிற ஆட்டுக்கடா. நம் ராமர் அல்ல.) இங்கிலாந்தின் கப்பல்களை முட்டுவதற்காகப் பிறந்த கடா அது. நியூயார்க் துறைமுகத்தில் இரண்டு ஆண்டுகள் மூழ்கியும் எழுந்தும் ஹாலந்து அதைப் பழக்கினார்.

இதற்குள் பீனியன் கூட்டத்துக்குள் பணத் தகராறு முற்றிவிட்டது. வழக்கு வந்தால் கப்பல் ஜப்தி ஆகிவிடுமே என்ற பயம். 1883 நவம்பரில் ஓர் இரவு சிலர் ஹாலந்தின் கையெழுத்தைப் போலியாகப் போட்டுக் கப்பலைக் கடத்திக்கொண்டு போனார்கள். அவர் புதிதாகக் கட்டி வந்த 16 அடிப் படகையும் சேர்த்துக் கட்டி இழுத்துப் போனார்கள். மூடியைச் சரியாகச் சாத்தவில்லை. வழியிலேயே அந்தச் சிறிய படகுக்குள் தண்ணீர் புகுந்து மூழ்கிவிட்டது.

பெரிய கப்பல் நியூஹேவன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. கடத்தியவர்களுக்கு ஓட்டத் தெரியவில்லை. மற்றக் கப்பல்களுக்கு ஆபத்து என்று துறைமுக அதிகாரி தடை போட்டுவிட்டார். கடைசியில் ஒரு கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டினார்கள்.

சொந்த நாட்டுக்காக உழைத்தவரிடம், சொந்த நாட்டார் திருடியது! ஹாலந்து வழக்குப் போடவில்லை. போலீசுக்கும் போகவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தோடு அவர் உறவு அன்றோடு அறுந்தது. அந்தக் கப்பலை ஓட்ட ஒரு வார்த்தை கூடச் சொல்லிக்கொடுக்க மறுத்துவிட்டார்.

கொதிக்கும் கப்பல்

அடுத்த பத்து ஆண்டுகள் வெறும் காத்திருப்பு. இடையில் 1887-ல் கலியாணம் ஆயிற்று. மனைவி பெயர் மார்கரெட். பிள்ளைகள் பிறந்தார்கள். குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு தூர் வாரும் கம்பெனியில் படம் வரையும் வேலைக்குப் போனார்.

கடற்படை ஒருவாறு மனம் மாறி நீர்மூழ்கிக்குப் போட்டி வைத்தது. 1888-ல் ஹாலந்தின் திட்டம் தேறியது. கப்பல் கட்டப் பணம் வரவில்லை. மறு ஆண்டும் அதே கதை. 1893-ல் மறுபடியும் போட்டி. இந்த முறை ஹாலந்தின் பெயரில் ஒரு கம்பெனியும் தொடங்கினார்கள். 1895-ல் உத்தரவு வந்தது.

உத்தரவோடு தலைவலியும் வந்தது. நீராவி எஞ்சின் வைத்தே தீர வேண்டும் என்று கடற்படை அதிகாரிகள் பிடிவாதம் பிடித்தார்கள். மூடிய இரும்புக் கூட்டுக்குள் அடுப்பும் கொதிகலமும் வைத்தால் என்ன ஆகும்? எஞ்சின் அறையில் வெப்பம் 137 டிகிரி பாரன்ஹீட் ஏறியது. மனிதன் நிற்க முடியவில்லை. பிளஞ்சர் என்ற அந்தக் கப்பல் கடற்படையில் சேரவே இல்லை.

இது உருப்படாது என்று ஹாலந்துக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் அதிகாரிகள் யாரையும் கேட்காமல், கம்பெனிச் செலவில், தன் மனம் போலவே ஒரு கப்பலைக் கட்டத் தொடங்கினார். அதுதான் அவர் கட்டியவற்றில் சிறந்தது.

நீளம் 53 அடிக்கு மேல். மேலே மிதந்து ஓடும்போது 45 குதிரைச் சக்தி உள்ள பெட்ரோல் எஞ்சின். மூழ்கிய பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு பாட்டரியில் ஓடும் மின்சார மோட்டார். மோட்டாருக்குக் காற்று வேண்டியதில்லை, புகையும் இல்லை. எஞ்சின் ஓடும்போதே பாட்டரிக்கு மறுபடியும் மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம். இந்த இரட்டை முறையைத்தான் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக எல்லா நாட்டு நீர்மூழ்கிகளும் பின்பற்றின. முன்புறம் டார்பிடோ என்ற வெடிகுண்டை ஏவும் குழாய் ஒன்று இருந்தது. டார்பிடோ தானாகவே நீருக்குள் நீந்திப் போய் எதிரிக் கப்பலின் வயிற்றில் வெடிக்கும்.

1897 மே 17-ல் கப்பல் நீரில் இறங்கியது. அக்டோபரில் ஒரு தொழிலாளி வால்வை மூட மறந்துவிட்டார். துறையிலேயே கப்பல் மூழ்கி 18 மணி நேரம் உப்பு நீரில் ஊறியது. மின்சார எந்திரங்கள் பாழ் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிலடெல்பியாவிலிருந்து பிராங்க் கேபிள் என்ற மின்சார நிபுணர் வந்தார். மின்சாரத்தை எதிர்த் திசையில் செலுத்திச் சூடு உண்டாக்கி, அந்தச் சூட்டிலேயே எந்திரத்தை உலர்த்திக் கொடுத்தார்!

1898 மார்ச் 17-ந் தேதி நியூயார்க்கை அடுத்த கடலில் கப்பல் மூழ்கி ஓடியது. அன்று அயர்லாந்து மக்களின் பெரிய திருநாள். ஹாலந்து நாள் பார்த்துத்தான் செய்திருப்பார்.

கடற்படையின் துணை மந்திரியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், இதை வாங்கிவிடலாம் என்று சிபாரிசு செய்தார். அப்போது அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டிருந்தது. ஸ்பெயின் கப்பல்கள் நிற்கும் துறைமுகத்துக்குள் நானே ஓட்டிப் போய் மூழ்கடிக்கிறேன், வெற்றி பெற்றால் கப்பலை வாங்கிக்கொள்ளுங்கள் என்று 57 வயது ஹாலந்து கேட்டார். சம்மதிக்கவில்லை.

1899-ல் ஒரு சோதனையின்போது எஞ்சின் புகை உள்ளே பரவி ஆட்கள் மயங்கி விழுந்தார்கள். அதன் பிறகு கூண்டில் சுண்டெலி வைத்துக்கொண்டு போனார்கள். மனிதனுக்கு முன்னால் எலி துவண்டுவிடும். அதுவே எச்சரிக்கை.

அதே ஆண்டில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன் அம்மையார் அந்தக் கப்பலில் ஏறிப் பயணம் செய்தார். இவ்வளவு அறிவுள்ளவர் மனிதரைக் கொல்லும் கருவியைச் செய்யலாமா என்று ஹாலந்தைக் கடிந்துகொண்டாராம். எல்லா நாட்டிடமும் இது இருந்தால் பயந்துபோய்ப் போரே நடக்காது என்று ஹாலந்து பதில் சொன்னாராம். அம்மையார் சமாதானம் அடைந்தாரா என்பது தெரியாது. 1914-ல் நடந்ததைப் பார்க்கும்போது அவர் கேட்ட கேள்விதான் நிற்கிறது.

1900 மார்ச்சில் வாஷிங்டன் அருகே பொடோமாக் ஆற்றில் கடைசிப் பரீட்சை. மணிலா போரில் வென்ற தளபதி டூயி நேரில் பார்த்தார். ஏப்ரல் 11-ந் தேதி கடற்படை 1,50,000 டாலர் கொடுத்து வாங்கியது. கம்பெனிக்கு ஆன செலவு அதைவிட மிகவும் அதிகம். கப்பலுக்கு ஹாலந்து என்றே பெயர் வைத்தார்கள். அமெரிக்க நீர்மூழ்கிப் படை ஏப்ரல் 11-ஐயே தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

பெயரும் பறிபோனது

வாத்தியாருக்குக் கப்பல் கணக்கு தெரியும். கம்பெனிக் கணக்கு தெரியாது. பணத்துக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குகளை விட்டுக்கொடுத்து வந்தார். 1899-ல் ஐசக் ரைஸ் என்ற பெரிய முதலாளி, எலக்ட்ரிக் போட் என்ற புதுக் கம்பெனியை அமைத்துப் பழைய கம்பெனியை அதில் சேர்த்துக்கொண்டார். ஹாலந்து எடுத்திருந்த காப்புரிமைகள் எல்லாம் அந்தக் கம்பெனியின் சொத்து ஆயின. மேலாளராக இருந்தவர் வெறும் சம்பளக்கார எஞ்சினீயர் ஆனார்.

அந்தக் கம்பெனி கப்பலின் திட்டத்தை வேறு நாடுகளுக்கும் விற்றது. முதலில் வாங்கிய நாடுகளில் ஒன்று எது தெரியுமா?

இங்கிலாந்து!

எந்தக் கடற்படையை வீழ்த்த வேண்டும் என்று இளம் வயதில் ஹாலந்து பென்சிலைப் பிடித்தாரோ, அதே கடற்படை. நீருக்குள் ஒளிந்து தாக்குவது நேர்மையற்ற செயல் என்று அந்தக் கடற்படையின் பெரிய அதிகாரிகளே இகழ்ந்து வந்த காலம் அது. ஆகவே ரகசியமாகக் கட்டினார்கள். பாகங்களின் மேல் மிதவை என்று பொய்ப் பெயர் எழுதினார்கள். 1901 அக்டோபர் 2-ந் தேதி பாரோ என்ற ஊரில் பிரிட்டனின் முதல் நீர்மூழ்கி நீரில் இறங்கியது. அதன் பெயர் ஹாலந்து 1.

1904 மார்ச்சில் ஹாலந்து வேலையை ராஜினாமா செய்தார். தனியாக ஒரு கம்பெனி தொடங்கி, இன்னும் வேகமான கப்பல் கட்டப் பார்த்தார். பழைய கம்பெனி கோர்ட்டுக்குப் போய்விட்டது. அவர் கண்டுபிடித்த முறைகளை அவரே பயன்படுத்தக்கூடாது என்றது. அவர் பெயரைக் கூட வியாபாரத்துக்கு வைத்துக்கொள்ளக்கூடாது என்றது. பணம் போட வந்தவர்கள் பயந்து விலகினார்கள்.

ஜப்பான் மட்டும் மறக்கவில்லை. ரஷியாவோடு போர் நடந்தபோது ஜப்பான் ஹாலந்து வகைக் கப்பல்கள் ஐந்தை வாங்கியது. ஹாலந்து தனியாக வரைந்து கொடுத்த திட்டப்படி கோபே நகரில் மேலும் இரண்டைக் கட்டினார்கள். ஜப்பான் சக்கரவர்த்தி அவருக்கு உதயசூரியன் விருது வழங்கினார்.

கடைசிக் காலத்தில் கப்பலை விட்டுவிட்டுப் பறக்கும் எந்திரம் பற்றி யோசித்து வந்தார். அமெரிக்கா 1,50,000 டாலருக்கு வாங்கிய கப்பலை 1913-ல் பழைய இரும்பு விலைக்கு, நூறு டாலருக்கு, விற்றார்கள். அதையும் அவர் உயிரோடு இருக்கும்போதே பார்த்தார்.

1914 ஆகஸ்ட் 12-ந் தேதி நெவார்க் நகரில் நுரையீரல் காய்ச்சலில் ஹாலந்து காலமானார். வயது 73. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. போர்ச் செய்திகளுக்கு நடுவே அவர் மரணச் செய்தி பெரிதாகத் தெரியவில்லை.

41 நாள் கழித்து, செப்டம்பர் 22-ந் தேதி காலை, ஹாலந்து நாட்டுக் கடற்கரைக்கு அப்பால் யு-9 என்ற ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி மூன்று பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஒன்றன் பின் ஒன்றாக மூழ்கடித்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் 1,400-க்கும் மேற்பட்டவர்கள். அதே செப்டம்பர் 22-ந் தேதி இரவில்தான் சென்னைத் துறைமுகத்தில் எம்டன் குண்டு போட்டது. (எம்டனை நீர்மூழ்கி என்று இன்னும் பலர் சொல்வார்கள். அது நீருக்கு மேலே ஓடிய சாதாரணப் போர்க்கப்பல்தான்.)

திருட்டுப் போன பீனியன் ராம், கொட்டகையிலிருந்து 1916-ல் வெளியே வந்தது. டப்ளின் நகரில் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்து அடங்கிய நேரம். அதில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பணம் திரட்டுவதற்காக நியூயார்க்கில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். ஒரு குண்டு கூட எதிரி மேல் வீசாத அந்தக் கப்பல் அயர்லாந்துக்குச் செய்த ஒரே சேவை அதுதான்.

பிரிட்டனின் ஹாலந்து 1, உடைப்பதற்காக இழுத்துச் சென்றபோது 1913-ல் கடலில் மூழ்கியது. 1982-ல் அதை மேலே எடுத்தார்கள். காஸ்போர்ட் நகரில் கடற்படைக் காட்சிசாலையில் இருக்கிறது.

வாத்தியார் தன் கையாலேயே ஆற்றில் மூழ்கடித்த அந்த முதல் ஒற்றை ஆள் கப்பலை 1927-ல் பசாயிக் ஆற்றுச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தார்கள். பாட்டர்சன் காட்சிசாலையில் பீனியன் ராமும் அதுவும் சேர்ந்து நிற்கின்றன. அவர் பாடம் நடத்திய ஊரிலேயே.